மொட்டைமாடியில் நமக்கும் பங்கு வேண்டும்

(எங்கள் குடியிருப்போர் நலச்சங்க ஆண்டு விழாவில் பேசியது)

தலைவர் அவர்களே, இத்தனை வேலைக்கு நடுவில் வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற பிறகும் ட்ரான்ஸ்ஃபார்மர் சத்தம் கேட்டால் வெளியே ஓடிவரும் பொறியாளர் ஐயா அவர்களே, மகளிர் குழுத் தாய்மார்களே, மைக்செட் தம்பி, எல்லோருக்கும் வணக்கம். மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த பெரியவரை விட்டுவிட்டால் அடுத்த வருஷம் கொடுக்க மாட்டார், அவருக்கும் வணக்கம்.

காற்றாலை, சூரிய ஒளி, பேட்டரி என்று மூன்றைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். பேட்டரிக்கு நேரம் இருக்காது, இப்போதே தெரிகிறது.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். நம் பங்கு இருந்தால்தான் நமக்கு அக்கறை வரும், நான் எந்த மேடையிலும் இதைத்தான் சொல்வேன், கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்துத் தெரு அபார்ட்மென்ட்டில் ஒரு நிறுவனம் இலவசமாக சோலார் பேனல் வைத்துக் கொடுத்தது. ரிப்பன் வெட்டினார்கள், கேசரி கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள். சித்திரை வெயில் வந்தது. இரண்டாவது மாடி மாமி பார்த்தார், சாய்வாக, சூடாக, பளபளவென்று இவ்வளவு பெரிய இடம் சும்மா கிடக்கிறதே என்று வடாம் பிழிந்துவிட்டார். மாமி செய்தால் மற்றவர்கள் விடுவார்களா? மோர்மிளகாய் வந்தது, வாட்ச்மேன் லுங்கி வந்தது. பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர் எப்போது நின்றது என்று ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் யார் பாக்கெட்டிலிருந்தும் காசு போகவில்லை. அதே தெருக் கோடியில் இன்னொரு பிளாக், வீட்டுக்கு வீடு பணம் போட்டு வைத்தது. அங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மாமா மாப்போடு மாடி ஏறுகிறார், காக்கா உட்கார்ந்தால்கூடச் சண்டைக்குப் போகிறார். சதை ஆடுகிறது!

பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறைக்குப் போங்கள். அந்த ஊராட்சி 2006இல் சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. கொஞ்சம் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். காற்றாலை நிற்பதோ உடுமலைப் பக்கம், ஊரில்கூட இல்லை. ஆனாலும் தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் போக மிச்ச மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றார்கள். கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலில் ஆயிரக்கணக்கில் காற்றாடி சுற்றுகிறது, அந்த ஊர்க்காரருக்கு அதில் எத்தனை சொந்தம் என்று கேட்டுப் பாருங்கள். டென்மார்க்கில் கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு எதிரே கடலில் 20 காற்றாலை, 2000இல் வந்தது, அதில் பாதி 8,000க்கும் மேற்பட்ட சாதாரண மக்களின் கூட்டுறவுக்குச் சொந்தம்.

சரி, சென்னைக்கு வருவோம், நான் வந்ததே இதற்குத்தான். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு, கூரை வைத்திருப்பவருக்கு. வாடகைக்காரர் என்ன செய்வார்? ஹவுசிங் போர்டு வீட்டில் இருப்பவர்? நம் வார்டுப் பள்ளிக்கூட மாடி வெயிலில் காய்கிறது. அங்கே பேனல் வைத்து, வார்டு மக்கள் ஆயிரம், இரண்டாயிரம் என்று பங்கு போட்டு, வரும் மின்சாரத்தை அவரவர் வீட்டு பில்லில் கழிக்க வேண்டும் என்கிறேன். டெல்லியில் 2019இலேயே இப்படிக் கழித்துக்கொள்ள வழிகாட்டுதல் வந்துவிட்டது. 2022இலிருந்து நமக்கு ஏரியா சபை, அதாவது வார்டு மக்கள் கூடிக் குறை சொல்லும் கூட்டம், இருக்கிறது, அங்கே குப்பை, சாக்கடை, நாய் தவிர வேறு எதையும் நாம் பேசியதே இல்லை (நாய்ப் பிரச்சினை சின்னது என்று சொல்லவில்லை, அடிக்க வராதீர்கள்). உறுப்பினர் அவர்கள் இங்கேயே இருக்கிறார். அடுத்த சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும், அவர் தலையாட்டுவதை எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசலில் மனு இருக்கிறது. கையெழுத்துப் போடுபவர்கள் கதவு எண்ணையும் எழுதுங்கள், போன தடவை பாதிப்பேர் எழுதவில்லை. பொறியாளர் ஐயா வாட்சைப் பார்க்கிறார், மைக்கை அவரிடம் கொடுக்கிறேன். பேட்டரியை அவர் பேசுவார்.