மதியம் ஒரு மணிக்கு ஐரிஷ் பப்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஐரிஷ் பப், அதாவது அயர்லாந்து நாட்டு மதுக்கூடம் என்றதுமே பலருக்கு ராத்திரி நேரம்தான் நினைவுக்கு வரும். ஃபிடில் வாசிப்பு, நுரை தளும்பும் கறுப்பு பியர், தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். அதுவும் உண்மைதான். ஆனால் எனக்குப் பிடித்த பப் வேறு. மதியம் ஒரு மணி, வெளியே விடாத தூறல். நனைந்த கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கணப்புக்குப் பக்கத்தில் இடம் பிடித்து, சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டு உட்காருகிற பப். அந்த ஊர்க்காரர்களை அவர்களுடைய இயல்பில் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

அந்த நேரத்தில் அங்கே யாரெல்லாம் இருப்பார்கள்? வங்கி ஊழியர், கட்டட வேலை செய்பவர், சந்தைக்கு வந்த விவசாயி, பேரப்பிள்ளையோடு வந்த பாட்டி. ஆமாம், பிள்ளைகளும் வரலாம். பெரியவர்கள் கூட இருந்தால் இரவு 9 மணி வரை குழந்தைகள் பப்பில் இருக்க அந்நாட்டுச் சட்டமே இடம் தருகிறது.

இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. கிராமத்து பப்கள் பல ஒரு காலத்தில் மளிகைக் கடைகளாகவும் இருந்தன. முன்பக்கம் தேயிலை, சர்க்கரை, மாவு, பின்பக்கம் பார். லீஷ் மாவட்டத்தில் அபிலீக்ஸ் என்ற சிற்றூரில் மோரிஸீஸ் என்றொரு பப் இருக்கிறது. பழைய டப்ளின்–கார்க் சாலையில் உள்ள ஊர். உள்ளே நுழைந்தால் மளிகை அலமாரிகளும் பிஸ்கட் டின்களும் இன்னும் அப்படியே இருக்கும். மேற்குக் கடற்கரையில் டிங்கிள் நகரத்தில் ஃபாக்ஸி ஜான்ஸ் என்ற பப்பில் ஒரு பக்கம் ஆணியும் சுத்தியலும் வாங்கலாம், மறுபக்கம் பியர் குடிக்கலாம். ஊருக்குத் தேவையானது எல்லாம் கிடைக்கிற இடமாகத்தான் பப் வளர்ந்தது.

ஆனால் சமையல் என்பது பெரும்பாலான பப்களில் பிற்பாடு வந்ததுதான். வெகுகாலம் பசிக்கு அங்கே கிடைத்தது ஹாமும் சீஸும் வைத்து வாட்டிய சாண்ட்விச். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1927 சட்டப்படி டப்ளின், கார்க் போன்ற நகரங்களில் மதியம் இரண்டரையிலிருந்து மூன்றரை வரை பப்பை மூடியாக வேண்டும். 'ஹோலி அவர்', அதாவது புனித நேரம் என்பார்கள். மதியம் உள்ளே போனவர்கள் மறுபடி வேலைக்குத் திரும்பட்டும் என்ற எண்ணம். வார நாட்களில் இந்தக் கட்டாயம் 1988இல்தான் நீங்கியது. அப்புறம் 2004 மார்ச் 29 முதல் பப்களுக்குள் புகைபிடிக்கத் தடை வந்தது. நாடு முழுவதற்கும் அப்படித் தடை கொண்டுவந்த முதல் தேசம் அயர்லாந்து. சிகரெட் புகை போனது, சூப்பின் வாசனை வந்தது. அந்தச் சட்டத்தை நான் மனதார வாழ்த்துகிறேன்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். இடம் இருந்தால் 'ஸ்னக்' கேட்டு உட்காருங்கள். பாரை ஒட்டி மரத்தடுப்பு போட்ட சின்ன அறை அது. வெளிப்படையாக பப்பில் உட்கார முடியாத காலத்தில் பெண்கள் அங்கேதான் உட்காருவார்கள். சிறிய ஜன்னல் வழியாக பார்க்காரர் கோப்பையை நீட்டுவார். இன்றைக்கு நாலு பேர் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட அதைப் போல இதமான இடம் இல்லை.

முதலில் வருவது சூப்பும் பிரவுன் பிரெட்டும். இந்த பிரெட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. அயர்லாந்தின் ஈரமான தட்பவெப்பத்தில் விளையும் கோதுமையில் புரதம் குறைவு. ஈஸ்ட் போட்டுப் பொங்கவைக்கும் ரொட்டிக்கு அது அவ்வளவாகத் தோதுப்படாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சமையல் சோடா வந்ததும் வழி பிறந்தது. வெண்ணெய் கடைந்து மிஞ்சிய மோர்தான் வீட்டுக்கு வீடு இருந்ததே! மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்தால் காற்றுக் குமிழ்கள் கிளம்பும், மாவு உப்பும். பிசைந்து அடித்துப் போட வேண்டாம். அதிகம் பிசைந்தால் கல்லாகிவிடும். கைபட்டும் படாமலும் சேர்த்து உருட்டி, மேலே கத்தியால் சிலுவைக்குறி கீறி, உடனே அடுப்பில் வைக்க வேண்டும். வெந்ததை எடுத்து அடிப்பாகத்தைத் தட்டினால் உள்ளே வெறுமையாக இருப்பதுபோல் சத்தம் வரணும். மேல்தோல் மொறுமொறு, உள்ளே ஈரமாக, தவிடு நாக்கில் நெருடும். அதன்மேல் மஞ்சள் வெண்ணெயைத் தாராளமாகத் தடவ வேண்டும். அந்த மஞ்சள் சாயம் இல்லை. வருஷத்தில் பெரும்பகுதி பசும்புல் மேய்கிற மாட்டின் பாலில் இயல்பாகவே வருவது.

அடுத்து ஐரிஷ் ஸ்டூ. ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம், தண்ணீர், உப்பு, மிளகு. பழைய முறை அவ்வளவுதான். கேரட் போடலாமா கூடாதா என்று இன்றும் வாதம் நடக்கிறது. சூட்சுமம் கிழங்கில் இருக்கிறது. ஒரு பங்கு கரைந்துபோகணும், ஒரு பங்கு துண்டாக நிற்கணும். குழைந்த பருப்பு சாம்பாருக்குக் கெட்டி தருவது மாதிரி, கரைந்த கிழங்கு குழம்பைக் கெட்டியாக்கும். மாவு எதுவும் கரைத்து ஊற்ற வேண்டாம். கறி எலும்பைவிட்டுக் கழன்று வரும் பதத்தில், ஆவி பறக்க வரும். முதல் நாலு கரண்டிக்கு மேசையில் பேச்சே இருக்காது.

'கார்வரி' என்பது இன்னொரு வகை. வாட்டிய இறைச்சியை உங்கள் கண்ணெதிரே சீவி வைப்பார்கள். அதே தட்டில் கிழங்கு மசியல், வாட்டிய கிழங்கு, வறுத்த கிழங்கு மூன்றும் சேர்ந்து இருக்கும். பார்த்துத் திகைக்க வேண்டாம். 1845இல் கிழங்குப் பயிரில் நோய் விழுந்து, தொடர்ந்து வந்த பஞ்சத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்ட நாடு அது. இன்னும் பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். அதே கிழங்கை இத்தனை பிரியத்தோடு அள்ளி வைக்கிறார்களே என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நெகிழும்.

கால்வே பக்கம் போகிறவர்கள் கில்கோல்கனில் ஓலை வேய்ந்த மோரன்ஸ் பப்புக்குப் போகலாம். சிப்பிக்குப் பேர்போன இடம். கால்வே விரிகுடாவின் நாட்டுச் சிப்பி செப்டம்பர் முதல் ஏப்ரல் வரைதான். சிப்பி வேண்டாமென்றால், மீனும் பாலும் கிழங்கும் சேர்ந்த சௌடர் என்ற கெட்டி சூப்பைக் கேளுங்கள்.

மது அருந்தாதவர்கள் தயங்க வேண்டியதே இல்லை. ஒரு பானை டீ சொன்னால் யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள். உலகத்திலேயே மிக அதிகமாக டீ குடிக்கிறவர்களில் அயர்லாந்து மக்களும் உண்டு. நல்ல கடுமையான டீ, பால் விட்டு.

பெரும்பாலும் பன்னிரண்டரை மணி வாக்கில் சமையலறை திறக்கும், மூன்று மணிக்குள் முடிந்துவிடும். பல இடங்களில் பாரில் போய் நாமே சொல்ல வேண்டும். தட்டு மேசைக்கு வரும். சைவம் சாப்பிடுகிறவர்கள் காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும், கோழிச் சாற்றில் செய்ததா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அக்கறையாகச் சமையலறைக்குள் போய் விசாரித்துவந்து சொல்வார்கள்.

நன்றி, வணக்கம்.