எட்டே முக்காலும் பௌனே ஆட்டும்

எல்லோருக்கும் வணக்கம். அழைப்பிதழில் மாலை ஆறரை என்று போட்டிருந்தது. இப்போது மணி ஏழே கால். செயலாளர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "ஒரே நிமிஷம் சார், ஆரம்பிச்சிடலாம்" என்றார். கோபமில்லை; பேச்சுக்குத் தலைப்பே கிடைத்துவிட்டது. காலையில் 8.17 லோக்கலை விட்டால் போச்சு என்று தாதர் பாலத்தில் ஓடுவதும் இதே நாம்தானே!

நான் மும்பைக்கு வந்த புதிதில் மேஸ்திரி இந்தியில், "நாளைக்கு பௌனே ஆட் பஜே ஆனா" என்றார். பஜே ஆனா என்றால் மணிக்கு வா. பௌனே என்றால் முக்கால் என்று அறைத்தோழன் சொல்லியிருந்தான். ஆட் என்றால் எட்டு. சேர்த்தால் எட்டே முக்கால்தானே? நிம்மதியாகக் காபி குடித்துவிட்டுப் போனேன். அரைநாள் சம்பளம் போயிற்று. அவர் சொன்னது 7.45.

எட்டாவதற்குக் கால் குறைவு என்பதுதான் பௌனே ஆட். மராத்தியில் பாவணே ஆட், ஆங்கிலத்தில் குவார்ட்டர் டு எய்ட், எல்லாம் ஒரே கணக்கு. ஆங்கிலத்தில் முள் அரையைத் தாண்டியதும் அடுத்த மணிக்குத் தாவிவிடுவார்கள். தமிழ் அப்படி இல்லை. எட்டு அடிக்கிற வரை ஏழு மணியைக் கையிலேயே பிடித்திருக்கும்: ஏழே கால், ஏழரை, ஏழே முக்கால். (ஏழரை என்றதும் அங்கே யாரோ சனியை நினைத்துச் சிரிக்கிறார்.) ஆகவே நம் பிள்ளைகள் 'டு', 'பாஸ்ட்' இரண்டையும் குழப்பினால் திட்டாதீர்கள். வீட்டில் முன்னே போகிற கணக்கு, தெருவிலும் பள்ளியிலும் பின்னே வருகிற கணக்கு. இதில் பிரிட்டன்காரர் 'ஹாஃப் செவன்' என்றால் ஏழரை. ஜெர்மன்காரர் அதையே தம் மொழியில் சொன்னால் ஆறரை!

சரி, சின்னச் சின்ன நேரங்களுக்கு வருவோம். மணியை 60 ஆக வெட்டினால் வருவது லத்தீனில் 'முதல் சிறு துண்டு'. அந்தச் 'சிறு' என்ற சொல்தான் மினிட் ஆனது. அதை மறுபடி 60 ஆக வெட்டினால் 'இரண்டாம் சிறு துண்டு'. அந்த 'இரண்டாம்' செகண்டாக ஒட்டிக்கொண்டது. மொமென்ட் என்பதற்கும் இடைக்கால ஐரோப்பாவில் கறாரான அளவு உண்டு: மணியில் 40-இல் ஒரு பங்கு, அதாவது 90 செகண்ட். இன்று 'ஒன் மொமென்ட் ப்ளீஸ்' என்கிறவரிடம் அதைக் கேட்க முடியுமா? நம் விநாடியும் இளைத்த கதைதான். நாழிகைக்கு 24 நிமிடம், அதில் 60-இல் ஒன்று விநாடி. அன்று 24 செகண்டாக இருந்தது, இன்று ஒரே செகண்ட். நொடிதான் பிழைத்தது. மாத்திரைக்கு அளவு கண்ணிமையும் கைநொடியும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. விரல் இருக்கிறவரை அந்தக் கடிகாரம் நிற்காது.

ஜிஃபி என்ற ஆங்கிலச் சொல் எதிர்த்திசையில் போனது. 'இதோ வந்துட்டேன்' என்பதுபோல அளவே இல்லாத சொல் அது. லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தில் உள்கடிகாரத்தின் ஒரு துடிப்புக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். அமைப்பைப் பொறுத்து 10 மில்லிசெகண்டோ, நான்கோ, ஒன்றோ. ஐரோலியில் கணினி வேலை பார்க்கும் பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள்.

'ஜஸ்ட் நவ்' இன்னும் மோசம். நமக்கு அது இப்போதுதான் நடந்து முடிந்தது. தென்னாப்பிரிக்கர் ஒருவர் 'ஜஸ்ட் நவ் செய்கிறேன்' என்றால், அப்புறம் செய்வார், எப்போது என்று கேட்கக் கூடாது. நம் செயலாளரின் நிமிடம் அந்த ஜாதி என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் ஒன்று ஞாபகம் வந்தது. 1906-இல் இந்திய நேரம் வந்த பிறகும், 1955 வரை இந்த ஊரில் பம்பாய் நேரம் என்று தனியாக ஒன்று புழங்கியது. இந்திய நேரத்துக்கு 39 நிமிடம் பின்னே. அந்தக் கணக்கில் இப்போது மணி 6.36. செயலாளர் ஆறே நிமிடம்தான் தாமதம்.