மேற்கே எழும் மழை: புரட்டாசி வானத்தைப் படிக்கும் முறை

எல்லோருக்கும் வணக்கம்.

"புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும்" என்ற பழமொழி இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். காய்வது ஒரு நாள், பெய்வது இன்னொரு நாள் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒரே நாளில் நடக்கும் என்பதுதான் அதில் பொதிந்துள்ள அறிவு. பகலில் காய்ந்ததால்தான் மாலையில் பெய்கிறது. இது தரையில் பிறந்து மேற்கேயிருந்து வரும் மழை. ஐப்பசியில் வருவது கடலில் பிறந்து கிழக்கேயிருந்து வரும் மழை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், வானிலை அறிக்கையைப் படிக்கும்போது வரும் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

முதலில் தேதிகள். தென்மேற்குப் பருவமழை மேற்கு ராஜஸ்தானிலிருந்து விலகத் தொடங்கும் இயல்பான நாள் செப்டம்பர் 17. நாடு முழுவதும் விலகி முடிவது அக்டோபர் 15. நமக்கு வடகிழக்குப் பருவமழை தொடங்கும் இயல்பான நாள் அக்டோபர் 20. அக்டோபர் முதல் வாரம் நான்கு நாள் நன்றாகப் பெய்தவுடன் "பருவமழை தொடங்கிவிட்டது" என்று பேச்சு கிளம்பும். வானிலைத் துறை அப்படி எளிதில் அறிவிக்காது. தென்மேற்குப் பருவமழை கடலோர ஆந்திரம் வரை விலகியிருக்க வேண்டும்; நம் கடற்கரையில் கிழக்கேயிருந்து வீசும் கீழைக்காற்று நிலைபெற வேண்டும்; அது மேலே சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரம் வரை இருக்க வேண்டும்; கடலோர மாவட்டங்களில் பரவலாக மழை பெய்ய வேண்டும். இத்தனையும் கூடி வந்தாலும் அக்டோபர் 10-க்கு முன் அறிவிப்பு கிடையாது.

சரி, புரட்டாசியின் ஒரு நாளுக்கு வருவோம். ஆகஸ்ட் நடுவில் சென்னைக்கு நேர் உச்சியில் இருந்த சூரியன் செப்டம்பர் தொடக்கத்தில் கன்னியாகுமரியின் உச்சியைத் தாண்டுகிறது. அதனால் வெயில் இன்னும் செங்குத்தாகவே விழுகிறது. காலை எட்டு மணிக்கு வானம் வெளுத்திருக்கும். பதினொரு மணி வாக்கில் பஞ்சுப் பொதி போலச் சிறு மேகங்கள் தெரியும். ஒரு மணிக்கு மேல் அவற்றில் சில காலிஃபிளவர் போல மேல்நோக்கிப் பொங்க ஆரம்பிக்கும். அதே நேரத்தில் கடற்கரையிலிருந்து கடல்காற்று உள்ளே நுழைகிறது. மேற்கேயிருந்து எதிரே வரும் மேல்காற்றோடு அது மோதும் கோட்டில் காற்று மேலே போவதைத் தவிர வழியில்லை. ஜவ்வாது மலை, வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் முதல் இடி கேட்பது பெரும்பாலும் இப்படித்தான். மேலடுக்குக் காற்று மேற்கிலிருந்து வீசுவதால் மேகம் கிழக்கே நகர்கிறது. ராணிப்பேட்டைப் பக்கம் மாலை 4 மணிக்கு எழுந்தது மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், சென்னையைத் தொட எட்டு, எட்டரை ஆகும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு தனி இடிமேகத்தின் ஆயுள் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்தான். ராணிப்பேட்டையில் எழுந்த அதே மேகம் சென்னைக்கு வருவதில்லை. பெய்து ஓயும் மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று தரையில் இறங்கிப் பரவுகிறது. மழைக்கு முன்னால் திடீரென்று சில்லென்று வீசுமே, அந்தக் காற்றுதான். அது முன்னால் உள்ள வெதுவெதுப்பான காற்றைத் தூக்கிவிட்டு அடுத்த மேகத்தை எழுப்புகிறது. இப்படிச் சங்கிலியாக வருகிறது. சங்கிலி வழியில் எங்கேயாவது அறுந்தால் அன்று கடற்கரைக்கு மழை இல்லை. பக்கத்து ஊரில் வெள்ளக்காடு, நம் ஊரில் புழுதி என்று நடப்பதும் இதனால்தான். ஒரு மேகத்தின் அகலமே சில கிலோமீட்டர்தான். கைப்பேசிச் செயலியில் "மாலை 5 மணிக்கு மழை" என்று உங்கள் தெருவுக்கே சொல்வதுபோல் காட்டும். அதன் பின்னால் இருக்கும் கணினி மாதிரிகள் பல கிலோமீட்டர் அகலக் கட்டங்களாக நாட்டைப் பிரித்துக் கணக்கிடுகின்றன. 2025-ல் நடைமுறைக்கு வந்த, நம் நாட்டு வானிலைக் கணினி மாதிரியான பாரத் முன்கணிப்பு முறையின் கட்டமே 6 கிலோமீட்டர். ஆகவே காலையில் மாவட்ட அறிக்கையைப் பாருங்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் ரேடார் படத்தையும், அடுத்த 3 மணி நேரத்துக்கான உடனடி எச்சரிக்கையையும் பாருங்கள். புரட்டாசிக்கு இந்த வரிசைதான் சரி.

எந்த நாளில் மழை எழாது? இரண்டு சந்தர்ப்பங்களைச் சொல்கிறேன். முந்தின இரவு மழையின் மிச்ச மேகம் பத்து மணி வரை வெயிலை மறைத்துக்கொண்டிருந்தால் தரை போதுமான அளவு சூடேறாது. இன்னொன்றைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்: வடக்கு வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வரும், நமக்கும் மழை என்று காத்திருப்போம். அந்தத் தாழ்வு மேல்காற்றைத் தன் பக்கம் பலமாக இழுக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரத்தைக் கொட்டிவிட்டு வறண்ட காற்று நம்மீது ஓங்கி வீசும். கடல்காற்றும் உள்ளே வர முடியாது. வெயிலும் காற்றும்தான் மிஞ்சும். கோவை, திருப்பூர்ப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஓங்கியிருக்கும் வரை இதே கதைதான். காற்று தளர்ந்த நாளில்தான் அங்கே இடிமேகம் எழும்.

அறிக்கையில் வரும் சொற்களுக்கு அளவு உண்டு. "ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் 25 சதவீதத்துக்குள் மழை. "ஒருசில இடங்களில்" என்றால் 50 வரை, "அநேக இடங்களில்" என்றால் 75 வரை, "பெரும்பாலான இடங்களில்" என்றால் அதற்கும் மேல். புரட்டாசி அறிக்கையில் அதிகம் வருவது முதல் இரண்டும்தான். உங்கள் ஊரில் பெய்யவில்லை என்பதற்காக அறிக்கை பொய்த்துவிட்டதாகச் சொல்ல முடியாது. 24 மணி நேரத்தில் 15.6 முதல் 64.4 மில்லிமீட்டர் வரை மிதமான மழை. 64.5 தாண்டினால் கனமழை, 115.6 தாண்டினால் மிக கனமழை, 204.5-லிருந்து அதி கனமழை. இந்த 24 மணி நேரம் காலை 8.30-க்கு முடிகிறது. செவ்வாய் இரவு பெய்த மழை புதன்கிழமைக் கணக்கில் ஏறும்.

பருவகால முன்னறிவிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. வடகிழக்குப் பருவத்துக்கு "இயல்பு" என்றால் நீண்டகாலச் சராசரியில் 88 முதல் 112 சதவீதம். அது தமிழ்நாடு, கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமை, தெற்கு உள் கர்நாடகம் ஐந்தையும் சேர்த்துச் சொல்வது. உங்கள் ஏரி நிரம்புமா என்பதற்கு அதில் விடை இல்லை. பசிபிக் கடல் இயல்பைவிடச் சூடேறும் எல் நினோ ஆண்டில் நமக்கு மழை கூடும் என்ற கணக்கு 2015-ல் பொருந்தியது. அது குளிரும் லா நினா ஆண்டில் குறையும் என்ற கணக்கு 2016-ல் பொருந்தியது, 2021-ல் பொருந்தவில்லை.

இனி, நீங்களே அளக்கும் வழி. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் வயலின் மழையை வேறு யாரும் அளப்பதில்லை. வாய் விட்டம் சரியாக 16 சென்டிமீட்டர் உள்ள ஒரு புனலை எடுத்து ஒரு கேனின் மேல் பொருத்துங்கள். புனலின் வாய்ப் பரப்பு 201 சதுர சென்டிமீட்டர். ஆகவே உள்ளே விழுந்த 20 மில்லிலிட்டர் தண்ணீர் ஒரு மில்லிமீட்டர் மழை. வடிவம் எப்படியிருந்தாலும் கேனில் சேர்ந்த தண்ணீரை மருந்து அளக்கும் குவளையில் ஊற்றி, 20-ஆல் வகுத்தால் போதும். கேன் 5 லிட்டராக இருக்கட்டும். 250 மில்லிமீட்டர் வரை தாங்கும். ஒரு லிட்டர் பாட்டில் வைத்தால் 50 மில்லிமீட்டரிலேயே வழிந்துவிடும், கனமழை நாளின் கணக்கு கையில் கிடைக்காது. புனலின் சரிவு ஆழமில்லாமல் தட்டையாக இருந்தால் பெரிய துளிகள் தெறித்து வெளியே போகும். அதனால் விளிம்பு செங்குத்தாக இரண்டு விரல் உயரமாவது இருக்க வேண்டும். கேனைப் பாதி மண்ணில் புதைத்து, புனலின் வாய் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் மட்டமாக நிற்கும்படி வையுங்கள். மரமோ சுவரோ அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்கு அப்பால் இருக்க வேண்டும். மொட்டைமாடி ஓரம் கூடாது. அங்கே காற்று சுழன்று துளியைத் தள்ளிவிடும், அளவு குறைந்தே காட்டும். காலை 8.30-க்கு அளந்து எழுதுங்கள். மழை தொடங்கிய நேரம், காற்று வந்த திசை இரண்டுக்கும் தனிப் பத்தி போடுங்கள். அந்த இரண்டு பத்திக்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

ஏன் நேரம் முக்கியம்? குறுவை அறுவடையும் சம்பா நடவும் ஒன்றையொன்று தொடும் மாதம் இது. மழை மாலையில் வரும் வரை, காலை 6 முதல் 9 மணிக்குள் அடித்த மருந்துக்கு இலையில் ஒட்ட ஆறேழு மணி நேரம் கிடைக்கிறது. யூரியா தூவும் முன் அன்று மாலை அறிக்கையைப் பாருங்கள்; மிதமான மழை என்றால் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள், இல்லையென்றால் உரம் வரப்பைத் தாண்டி ஓடிவிடும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் கேட்பார்கள். களத்தில் காயும் நெல்லை மூன்று மணிக்கே குவித்துவிடுங்கள். மேற்கே கறுத்த பிறகு ஓடினால் நேரம் போதாது. குவியலைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு வடிகால் வெட்டுங்கள். மேலே தார்ப்பாய் போட்டு மூடினால் மட்டும் போதாது, தண்ணீர் அடியிலிருந்துதான் நுழையும். சூடான நெல்லின்மேல் தார்ப்பாய் கிடந்தால் உள்ளே வியர்த்து மேல்மணி முளைவிடும். விடிந்ததும் அதை விலக்கிவிட வேண்டும்.

மின்னலும் இந்த மாதத்து ஆபத்துதான். மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி 30 விநாடிக்குள் இருந்தால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே நடவையும் களையெடுப்பையும் நிறுத்திக் கட்டிடத்துக்குள் போங்கள். ஒற்றை மரத்தடியும் ஓலைக் கொட்டகையும் அடைக்கலம் ஆகாது. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்தே வயலில் இறங்குங்கள். தாமினி செயலி உங்களைச் சுற்றி 20 முதல் 40 கிலோமீட்டருக்குள் மின்னல் இருந்தால் எச்சரிக்கும்.

அக்டோபர் நடுவில் உங்கள் நோட்டைப் புரட்டுங்கள். நேரப் பத்தியில் மாலை 6, இரவு 8 என்று வந்தது விடியல் 4, காலை 5 என்று மாறும். திசைப் பத்தியில் மேல்காற்று போய்க் கொண்டல், அதாவது கீழைக்காற்று, வந்திருக்கும். மூன்று நான்கு நாள் அப்படியே நின்றால், அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டாம்: மருந்தடிப்பைப் பிற்பகலுக்கு மாற்றுங்கள், நெல்லைப் படுக்கப் போகும் முன்பே போர்த்துங்கள், வயலின் வடிகால் வாயை அன்றைக்கே திறந்து வையுங்கள்.