வாளி நிறைய எத்தனை செக்கன்?

நேயர்களுக்கு வணக்கம்.

காலநிலை மாற்றக் கருத்திட்டங்களின் முகாமைத்துவம் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். சொல்லி முடிப்பதற்குள் வாய் உலர்ந்துவிடும் தலைப்பு. இயற்கைப் பாதுகாப்பு நிறுவனமொன்றில் இதே வேலையைத்தான் பல வருடங்களாகச் செய்கிறேன். ஆகவே தலைப்பைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு பீலிக்கரையிலிருந்து, ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியே விழும் இடத்திலிருந்து, தொடங்குகிறேன்.

மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்று. மேல் லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குப் பின்னால், தேயிலை முடிந்து சிறு காட்டுத் துண்டு தொடங்கும் இடத்தில் ஓர் ஊற்று. நாங்கள் முதன்முதலாக அங்கே போனது ஜூன் மாதத்தில். கையிலிருந்த கோப்பில், மீளமைக்கப்படும் நீரேந்துப் பிரதேசத்தின் பரப்பு எத்தனை ஹெக்டேயர் என்று நிரப்ப ஒரு கட்டம் இருந்தது. குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்ற ஓர் அம்மா நாங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, மாசி மாதத்தில் இந்தத் தண்ணீர் நூலாக இறங்குகிறதே, அதற்கு என்ன வழி?" என்றார்.

அன்றே 20 லீற்றர் வாளியொன்றைப் பீலிக்குக் கீழே வைத்துக் கைபேசியில் நேரம் பார்த்தோம். 40 செக்கனில் நிறைந்தது. அடுத்த பெப்ரவரியில் அதே வாளி நிறைய நான்கு நிமிடம் எடுத்தது. நிமிடத்துக்கு 30 லீற்றராக விழுந்த தண்ணீர் 5 லீற்றராகச் சுருங்கியிருந்தது. லயத்தின் அத்தனை குடும்பங்களுக்கும் அந்த ஒரு பீலிதான்.

மலையில் மழைக்குப் பஞ்சமில்லையே என்று நீங்கள் கேட்கலாம். மழை வருகிற விதம்தான் சிக்கல். வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. கோப்பிக்காகவும், 1867 முதல் தேயிலைக்காகவும் காடு வெட்டப்பட்ட சரிவில் கொட்டுகிற மழை, வடிகான் வழியே ஓடி ஆற்றில் சேர்ந்துவிடுகிறது. மண்ணுக்குள் இறங்குவது கொஞ்சம்தான். மரம் நட்டால் உடனே ஊற்று பெருகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வளரும் மரமும் தண்ணீர் குடிக்கும், யூக்கலிப்டஸ் மிகுதியாகவே குடிக்கும். மண் பொதபொதவென்று ஆகி மழையை உள்ளே வாங்கப் பல வருடம் பிடிக்கும். ஊற்றுக்கு மேலே மரம் வளர்க்கும் எங்கள் கருத்திட்டத்துக்குக் கொடுக்கப்பட்டதோ மூன்றே வருடம்.

இந்த மூன்று வருடத்துக்குள்ளும் நிதி வருகிற மாதம் ஒன்று, மழை வருகிற மாதம் வேறொன்று. பட்டிப்பொல ரயில் நிலையம் 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழையும்போது பனிமூட்டமாக இருக்கும். மறுபக்கம் ஒஹியாவை நோக்கி வெளிவந்தால் கண்கூசும் வெயில் அடிக்கும். பயணம் செய்த எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கை இது. ஹட்டன் பக்கம் மே தொடங்கித் தென்மேல் பருவமழை, பதுளைப் பக்கம் ஒக்டோபருக்குப் பிறகுதான் நல்ல மழை. ஆனால் எங்கள் வேலை அட்டவணையில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே நடுகைத் திகதி!

முதல் வருடம் நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். ஒப்பந்தம் கையெழுத்தாகி, மூன்று இடங்களில் விலைமனு வாங்கி, கணக்குப் பிரிவு தலையசைத்துக் கன்றுகள் லொறியில் வந்திறங்கியபோது ஜனவரி முடிந்துகொண்டிருந்தது. வந்தவற்றைத் திருப்பி அனுப்பவும் முடியாது. பொலித்தீன் பையைக் கிழித்து, காய்ந்த மண்ணில் நட்டோம். பிழைத்த சிலவற்றையும் மார்ச்சில் மானா என்கிற உயரப் புல்லில் பிடித்த தீ முடித்துவைத்தது. அந்த வருட அறிக்கையில் "கன்று நடுகை: இலக்கு எட்டப்பட்டது" என்று எழுதினோம். பொய்யில்லை, நட்டோம்தானே.

அதன் பிறகு கணக்கை மாற்றச் சொல்லிக் கேட்டோம். எத்தனை நட்டோம் என்பதை விட்டுவிட்டு, மூன்றாம் வருடம் உயிரோடு நிற்பது எத்தனை என்று எண்ணலாம் என்றோம். எண் சிறுத்துவிடுமே என்று நிதி தந்தவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு இணங்கினார்கள். தோட்டத்திலேயே நாற்றுமேடை போட்டோம். ஓய்வுபெற்ற இரண்டு அம்மாமார் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். கன்று மானாப்புல்லுக்கு மேலே தலையெடுக்கும் வரை புல் வெட்டுவதற்கும் கூலி ஒதுக்கினோம்.

கூட்டம் வைத்த கதையும் இதே லட்சணம்தான். காலை பத்து மணிக்குக் கூப்பிட்டோம். தண்ணீர் சுமக்கிற பெண்கள் எல்லோரும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். எங்களை நம்பி இறங்கி வந்த ஒரு பெண்ணுக்கு அன்று அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழுந்தது. இப்போது மாலையில் கொழுந்தை எடைபோட்டு முடிந்த பிறகுதான் கூட்டம். தேநீருக்குச் செலவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

அப்படியொரு மாலைக் கூட்டத்தில்தான், "நட்ட மரம் யாருக்குச் சொந்தம்?" என்று ஒருவர் கேட்டார். நிலம் அரசினுடையது. 1992 இலிருந்து தோட்டங்களை நடத்துவது கம்பெனிகள். லயத்தில் நான்காம் தலைமுறையாக இருப்பவருக்கு வாசலில் ஒரு பலாமரம் வைக்கவும் தோட்ட முகாமையாளரான துரையிடம் கேட்க வேண்டும். அவரிடம் போய் உங்கள் காட்டை நீங்களே காப்பாற்றுங்கள் என்று பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கம்பெனியிடமிருந்து எழுத்தில் வாங்க முடிந்தது ஒன்றுதான்: ஊற்றைச் சுற்றியுள்ள மரங்களை வெட்டுவதானால் லயத்துக் கமிட்டியைக் கேட்ட பிறகே வெட்டுவது. அந்த ஒரு பக்கக் கடிதத்துக்குப் பதினொரு மாதம் அலைந்தோம்.

மண்சரிவைப் பற்றிப் பேசாமல் மலையகத்தில் காலநிலை பேச முடியாது. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்பது முன்பே தெரிந்திருந்தது. போவதற்கு மாற்று இடம்தான் இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை, பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் செய்த அழிவை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. கோயிலுக்குப் பக்கத்தில் நாங்கள் வைத்த மழைமானியில் இந்த மூன்று அளவுக்கும் பிள்ளைகள் நகப்பூச்சால் கோடு போட்டிருக்கிறார்கள். ஓர் இரவு தண்ணீர் இரண்டாவது கோட்டைத் தாண்டியது. மூன்றாவது கோட்டுக்குக் காத்திராமல் எல்லோரும் பிள்ளைகுட்டிகளோடு பாடசாலைக்கு நடந்தார்கள். அங்கே கதவில் பூட்டு. சாவி வைத்திருந்தவர் ஊரிலில்லை. நனைந்துகொண்டே பூட்டை உடைத்தார்கள். மறுவாரம் இரண்டு சாவிகள் வெட்டி, ஒன்றைக் கோயில் கமிட்டியிடமும் மற்றதை மேல் லயத்திலும் கொடுத்தோம். அந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கணக்குப் பிரிவோடு இரண்டு வாரம் கடிதப் போக்குவரத்து. கடைசியில் "எழுதுகருவிகள்" என்று எழுதினோம்.

அந்தத் தோட்டத்தில் கருத்திட்டம் முடிந்துவிட்டது. வாளிக் கணக்கு முடியவில்லை. ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி காலையில் கோயில் கமிட்டிப் பையன் ஒருவன் நேரம் பார்த்து எனக்குச் செய்தி அனுப்புகிறான். கடந்த பெப்ரவரியில் வந்தது: "3 நிமிடம் 35 செக்கன்." 25 செக்கன் மிச்சம். மரத்தாலா, அந்த வருட மழையாலா என்று இப்போதைக்குச் சொல்ல மாட்டேன். உங்கள் தோட்டத்திலும் பீலி இருந்தால் நீங்களும் அளந்து பாருங்கள். ஒரே வாளி, ஒரே திகதி, ஓர் அப்பியாசக் கொப்பி போதும். அடுத்த முறை எங்களைப் போல யாராவது கோப்போடு வந்தால், முதலில் அந்தக் கொப்பியை எடுத்து நீட்டுங்கள்.

நன்றி, வணக்கம்.