கண்ணுக்குத் தெரியக்கூடாது, கைக்கு எட்டணும்: மீன் தொட்டி பைப்பை மறைப்பது எப்படி?

[காட்சி: அழகான செடித் தொட்டி. கேமரா பக்கவாட்டில் திரும்பினால் தொங்கும் ஹோஸும் ஒயரும்]

முன்னாடி பாத்தா ஆத்தங்கரை, பக்கத்துல பாத்தா மோட்டார் ரூம். நிறைய வீட்டுத் தொட்டி இப்படித்தான் இருக்கு. தொட்டியை வாங்கிட்டு அப்புறமா பைப்பை யோசிச்சா இதுதான் நடக்கும்.

4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம்னு வெச்சுக்கோங்க. ரொம்பினா சுமார் 255 லிட்டர். தண்ணி மட்டுமே 255 கிலோ. கண்ணாடி, மணல், கல்லெல்லாம் தனி. ஒரு தடவை ரொப்பிட்டா சுவத்துலேந்து ஒரு இஞ்சு நகத்த முடியாது. அதனால பின்னாடி எவ்வளவு இடம் விடணும்னு முதல்லயே முடிவு பண்ணுங்க. பைப்பும் எல்போவும் போய், உங்க கையும் உள்ள போகணும். நான் 5 இஞ்சு விடுவேன்.

பின்கண்ணாடிக்கு வெளிப்பக்கம் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினாலே பாதி வேலை முடிஞ்சது. தொட்டிக்குள்ள தெரியுற குழாய்க்கு முன்னாடி உயரமா வளர்ற வாலிஸ்னேரியா நட்டுடுங்க.

[காட்சி: மூலையில் கறுப்புக் கண்ணாடி ஓவர்ஃப்ளோ பாக்ஸ்]

கீழ சம்ப், அதாவது ஸ்டாண்டுக்குள்ள தண்ணியைச் சுத்தம் பண்ற இன்னொரு தொட்டி, வெக்கிறவங்க பெரும்பாலும் மேல் தொட்டியில ஓட்டை போடணும். மூலையில இருக்கிற இந்த ஓவர்ஃப்ளோ பாக்ஸுக்குள்ள வழியிற தண்ணி அந்த ஓட்டை வழியா சம்புக்கு இறங்கும், பம்ப் அதை ரிட்டர்ன் பைப் வழியா மேல ஏத்தும். டஃபன்டு கிளாஸ்ல (சூடாக்கி உறுதியாக்கின கண்ணாடி) கை வெச்சுடாதீங்க, தூள் தூளாயிடும். சாதாக் கண்ணாடின்னா டைமண்ட் பிட், தண்ணி ஊத்திக்கிட்டே மெதுவா.

இப்ப முக்கியமான இடம். கரண்ட் போனா என்ன ஆகும்? பம்ப் நிக்கும். ரிட்டர்ன் பைப்போட வாய் தண்ணிக்குள்ள இருந்தா, சைஃபன் ஆகி, அதாவது பைப்பே உறிஞ்சி இழுத்து, தண்ணி கீழயே திரும்பி வரும், வாய் வெளிய தெரியுற வரைக்கும். இந்தத் தொட்டியில ஒரு இஞ்சு இறங்கினா 14 லிட்டர். வாய் 3 இஞ்சு ஆழத்துல இருந்தா 42 லிட்டர்! சம்ப்ல அந்த இடம் காலியா இல்லேன்னா ஹால்ல மீன் விடலாம். தண்ணியை ஒரு பக்கமா மட்டும் விடுற செக் வால்வு இருக்கேன்னு நம்பாதீங்க, பாசி அடைச்சா அது மூடாது. பைப் வாயை மேலாக்க வெச்சு, தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ அந்தப் பைப்புலயே ஒரு சின்ன ஓட்டை போடுங்க. தண்ணி அதுவரை இறங்கினதும் காத்து புகுந்து சைஃபன் அறுந்துடும். அந்த ஓட்டையை அப்பப்போ குத்தி சுத்தம் பண்ணணும்.

[காட்சி: ஸ்டாண்டின் உள்பக்கம்]

ஸ்டாண்டுக்கு பார்ட்டிகிள் போர்டு வேண்டாம், ஈரம் பட்டா ஊதிடும். ஆசாரிகிட்ட வாட்டர்புரூஃப் பிளைவுட்னு சொல்லிடுங்க. பைப் போகணும்னு பின்பலகையையே எடுத்துடாதீங்க. ஸ்டாண்ட் பக்கவாட்டுல ஆடாம பிடிக்கிறது அதுதான். தேவையான அளவுக்கு ஓட்டை போதும்.

என் முதல் ஸ்டாண்ட்ல கேனிஸ்டர் ஃபில்டர் (மூடி போட்ட டப்பா மாதிரி ஃபில்டர்) கச்சிதமா உக்காந்துச்சு. ஆனா மூடியைத் தூக்க மேல இடமில்ல! ஒவ்வொரு தடவையும் ஹோஸை உருவி, தரையெல்லாம் தண்ணி. அதுலேந்து, ஒட்டிட்டு மறந்துடுற ஜாயிண்டே வெக்கிறதில்ல. கை எட்டுற இடத்துல வால்வு, அதுக்குப் பக்கத்துல கழட்டி மாட்ட யூனியன்.

பிளக் பாயிண்டை ஸ்டாண்டுக்குள்ள மேல, பக்கப் பலகையில அடிங்க. ஒயர் முதல்ல கீழ தொங்கி, அப்புறம் மேல ஏறணும். வழியிற தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும்.

எல்லாம் மாட்டியாச்சா? மீன் விடுறதுக்கு முன்னாடி பம்பை நிறுத்துங்க. மேலேந்து இறங்கி முடிஞ்சதும் சம்ப் விளிம்புக்கு 2 இஞ்சு கீழ வரைக்கும் தண்ணி ஊத்துங்க. பம்பைப் போடுங்க. மட்டம் இறங்கி ஒரு இடத்துல நிக்கும். அங்க மார்க்கரால ஒரு கோடு. பம்ப் ஓடும்போது அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு சொம்பு தண்ணிகூட ஊத்தாதீங்க.