மலைவாழ் பாம்புகளுக்கு ஒரு மலையடிவாரம்

நேயர்களுக்கு வணக்கம். பூங்காக்களில் பாம்புகளுக்கும் தவளைகளுக்கும் காட்சியகம் எப்படி அமைய வேண்டும் என்பதே இன்றைய பேச்சு. சேர்வராயன் மலையடிவாரத்துக் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லாத சேலத்துக் குடும்பம் அரிது. எந்தப் பூங்காவானாலும், பாம்பு இருக்குமிடத்தில் "ஒன்றையும் காணோமே" என்று கண்ணாடியைத் தட்டுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒளிய இடமில்லாத பாம்பு அஞ்சிச் சுருண்டே கிடக்கும். போதிய மறைவிடம் தந்தால்தான் அது துணிந்து வெளியே வரும் என்பதே நான் வலியுறுத்த விரும்புவது.

விலங்கின் வாழிடத்துக்குள் மனிதனே நுழைவதுபோல் காட்சியகம் அமைக்கும் முறை, 1970களின் இறுதியில் சியாட்டில் நகரின் உட்லண்ட் பூங்காக் கொரில்லாக்களுக்காகப் புகழ்பெற்றது. ஊர்வனவற்றுக்கு அதைச் செய்யும்போது, செடிகொடிகளுக்கு முன்பாக வெப்பத்தைத் திட்டமிட வேண்டும். அவை வெளிச்சூட்டை நம்பி வாழ்பவை. ஆகவே ஒரு முனை வெதுவெதுப்பாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருப்பதோடு, இரு முனைகளிலும் பொந்து வேண்டும்; இல்லாவிட்டால் சூடா பாதுகாப்பா என்று ஒன்றை இழந்தே மற்றதை அது பெற நேரும்.

நம் மலைக்கே உரிய கேடயவால் பாம்பைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். 1863இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் பெட்டோம் விவரித்த இனம் அது. மண்ணுக்குள் வாழ்ந்து மண்புழுவைத் தின்னும், நஞ்சற்றது. மழை விட்ட ஒரு காலையில், ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் சருகுக்கடியிலிருந்து ஒன்று வெளிப்பட்டது. "ரெண்டு தலைப் பாம்புங்க, கிட்டப் போகாதீங்க" என்றார் அங்கே வேலை செய்த அம்மா. அதைத் தொடாமல் இருவரும் குனிந்து பார்த்தோம். கத்தியால் சீவியதுபோன்ற மொட்டை வால். அதன் சொரசொரப்பான தகட்டில் அப்பிய ஈரமண். கூரிய தலையை மண்ணில் செருகி அது உள்ளே இறங்கியதும், அந்த வாலே துளையை அடைத்துக்கொண்டது. "வாலாலயே கதவச் சாத்திக்குதுங்களே!" என்று அந்த அம்மா வியந்தார்; அச்சம் போயிருந்தது.

அந்த வியப்பைத் தருவதற்கு, பார்வையாளர் சில படிகள் கீழே இறங்கி, மங்கிய ஒளியில் நிலமட்டத்தைக் கண்ணெதிரே காண வேண்டும். காப்பிச் செடியின் வேரும் சில்வர் ஓக்கின் வேரும், சருகும் ஈரமண்ணும் கண்ணாடிக்கு இருபுறமும் தொடர வேண்டும். பாம்பு தென்படாத நேரத்திலும் மலைமண் தென்படும்.

நேரம் நெருங்கிவிட்டதால் தவளைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவற்றின் தோல் நீரை உறிஞ்சுவதால், குளோரின் நீக்கிய நீரே வேண்டும். பூஞ்சை நோய் பரவாதிருக்க, பராமரிப்பவர் ஒவ்வோர் அறைக்கும் தனிக் காலணி அணிய வேண்டும். விளக்குகளை மாற்றியமைத்துப் பகலை இரவாக்கி, செயற்கை மழையும் பொழிவித்தால், பள்ளிப் பிள்ளைகள் நண்பகலிலேயே தவளைகளின் கூப்பாட்டைக் கேட்க வாய்ப்புண்டு. நன்றி, வணக்கம்.