காயலான் கடை விலைக்கு ஒரு தேவாலயம்

எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் பார்த்த பழைய தேவாலயங்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள், அதனால் ஒன்றே ஒன்று: டியூக்ஸ்பரி.

க்ளாஸ்டர்ஷரில், செவர்ன் ஆறும் ஏவன் ஆறும் கூடுகிற இடத்தில் இருக்கும் சின்னச் சந்தை ஊர். மரச்சட்டம் போட்ட பழைய வீடுகள் நிறைந்த தெரு வழியாக நடந்துபோனால், ஊருக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய கோபுரம் ஒன்று, 148 அடி, நார்மன் காலத்து வேலை. உள்ளே பருத்த உருண்டைத் தூண்கள், செதுக்கல் கிதுக்கல் எதுவும் கிடையாது. 1121இல் பிரதிஷ்டை ஆன கட்டடம்.

துறவிகள் மடத்தின் கோயில் இது. 1540இல் இங்கிலாந்து மன்னன் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் மடத்தை மூடினார்கள். அவர்களுக்குக் கல் முக்கியமில்லை. கூரையில் வேய்ந்திருந்த ஈயத்தையும் கோபுரத்து மணிகளையும் உருக்கினால் காசு, அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் விடவில்லை. முன்மண்டபம் ஏற்கெனவே எங்கள் பங்குக் கோயில்தானே, மீதியையும் எங்களுக்கே விற்றுவிடுங்கள் என்று கேட்டார்கள். விலை 453 பவுண்டு. ஈயத்துக்கும் மணிக்கும் போட்ட விலை அது. கல்லுக்கும் தூணுக்கும் உள்ளே கிடந்த பிரபுக்களின் கல்லறைகளுக்கும் சல்லிக்காசு போடவில்லை. நம் ஊர் காயலான் கடைக்காரர் பழைய பீரோவை எடைபோடுகிற மாதிரிதான். கிழக்கே இருந்த மாதா சிற்றாலயம் மட்டும் தப்பவில்லை, இடித்துவிட்டார்கள்.

அந்தக் கல்லறைகளைச் சொன்னேன் இல்லையா, அதில் ஒன்று 17 வயதுப் பையனுடையது. இங்கிலாந்து சிம்மாசனத்துக்காக லங்காஸ்டர், யார்க் என்ற இரண்டு அரச குடும்பங்கள் மோதிய ரோஜாப் போர்களில், 1471 மே 4 அன்று, இந்த ஊர் எல்லையில் நடந்த சண்டையில் லங்காஸ்டர் கட்சி தோற்றது. அந்தப் பையன், லங்காஸ்டர் இளவரசன் எட்வர்ட், செத்தான். தப்பியவர்கள் இந்தக் கோயிலுக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். கோயிலுக்குள் இருப்பவனைத் தொடக்கூடாது என்பது வழக்கம், ஆனால் ஜெயித்த யார்க் ஆட்கள் வெளியே இழுத்துவந்து, இரண்டு நாள் கழித்து சாமர்செட் பிரபு உட்படப் பலரைச் சந்தைத் தெருவிலேயே தலையை வெட்டினார்கள். உள்ளே ஒரு கதவு முழுக்க இரும்புத் தகடு அடித்திருக்கிறது, போர்க்களத்தில் கிடைத்த கவசங்களிலிருந்து வெட்டிய தகடு என்கிறார்கள். பையனைப் புதைத்த இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் கூரையில் தங்கப்பூச்சுச் சூரியன்கள் மின்னும். அது அவனை வென்ற யார்க் மன்னனின் சின்னம்! எனக்கு இது ரொம்பக் குரூரமாகப் பட்டது.

சரி, நீங்கள் போனால் உள்ளே மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். வெளியே கிழக்குப் பக்கம் சுற்றிப் போங்கள், இடித்த சிற்றாலயத்துக்குப் போகும் வளைவு இருந்த தழும்பு சுவரில் இன்னும் தெரியும். முதல் தடவை நான் அதைப் பார்க்கவில்லை. மழை, போதாததற்கு பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது.